பின்னி கம்பெனியின் பிராது

லண்டனில் நிறுவனங்களின் தரப்பில் ஆஜராகும் வழக்கறிஞன் நான். வேலைநிறுத்த அறிவிப்பு வந்ததும் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் ஓட்டை தேடுவேன். அகப்பட்டால் தடையுத்தரவு கேட்பேன். மனுவில் எழுதும் குற்றச்சாட்டு மாறுவதில்லை: வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள். அதே குற்றச்சாட்டுதான் 1920இல் சென்னை உயர்நீதிமன்றத்திலும் வைக்கப்பட்டது.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். கை கழுவி, உண்டு, இயந்திரத்துக்குத் திரும்ப அது போதவில்லை. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அன்னி பெசன்டின் சகாவான பி.பி. வாடியாவை அணுகினார்கள். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியா தலைவர். திரு.வி.க.வும் உடன் நின்றார்.

1920 அக்டோபரில் கதவடைப்பு. கம்பெனி நீதிமன்றம் போனது. வாடியா உள்ளிட்டோர்மீது நட்டஈட்டு வழக்கு. தடையுத்தரவும் கிடைத்தது.

இந்த வாதத்தின் பூர்வீகம் ஒரு பாடகி! லண்டனில் ஓர் அரங்கில் பாட ஒப்புக்கொண்டவரை இன்னோர் அரங்கின் முதலாளி இழுத்தார். ஒப்பந்தத்தை மீறத் தூண்டியவர் நட்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 1853இல் தீர்ப்பானது. பிறகு அது தொழிற்சங்கங்கள்மேலும் பாய்ந்தது. 1906இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், தொழில் தகராறுக்காகச் செய்வது வழக்குக்கு இடமாகாது என்று சங்கங்களுக்குக் கவசம் கொடுத்தது. சென்னைக்கு வாள் மட்டும் கப்பலேறி வந்திருந்தது, கவசம் வரவில்லை. கம்பெனியின் வக்கீல்கள் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டார்கள். தொழில் தெரிந்தவர்கள். அன்று அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதே பிராதைத்தான் தாக்கல் செய்திருப்பேன். கட்சிக்காரர் கேட்பது அதைத்தானே? இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

வழக்கைக் கைவிட அவர்கள் கேட்ட விலை வாடியா. அவர் சங்கத்தை விட்டு விலகினார், கதவு திறந்தது. வக்கீலின் கணக்கில் முழு வெற்றி.

ஆனால் 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்குத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் சட்டம் வந்தது. அதன் 18ஆம் பிரிவைப் படித்தேன். பதிவுபெற்ற சங்கமோ அதன் நிர்வாகியோ தொழில் தகராறில் செய்த செயலுக்கு, வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியது என்ற காரணத்தை மட்டும் வைத்து உரிமையியல் வழக்குத் தொடர முடியாது. பின்னியின் பிராதை எதிரே வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருக்கிறது.

அதற்குள் வாடியா தொழிற்சங்க வேலையையே விட்டிருந்தார்.