லா காட் ரோடு ஏன் இழுத்தது?

பூண்டியில் ரோடு பற்றிக் கேட்டால், பூண்டு மூட்டை எப்போ வடுகபட்டி சந்தைக்குப் போய்ச் சேரும் என்பதில்தான் பேச்சு நிற்கும். பழைய பிரச்சினைதான் இது.

1875-ல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தாச்சு. மேஜர் லா மலைச்சாலைக்குக் கோடு போட்டதும் அந்தப் பத்தாண்டில்தான். சாலை முடிந்தது 1914-ல்!

இடையில் 1876–78 தாது வருஷப் பஞ்சம். 1877-ல் ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரணக் கூலியையே ஒரு பவுண்டு தானியத்துக்கு வெட்டினார். கஞ்சியிலேயே மிச்சம் பிடித்த அரசுக்கு, 1878-ல் ஆப்கன் போருக்கு மட்டும் பணம் கிடைத்தது.

ஊட்டி கவர்னர் தங்கும் ஊர்; 1830-களிலேயே குன்னூர் வழியாகப் பாதை தயார். கோடைக்கானல் மிஷனரிகளின் ஊர், அதனால் பெரியகுளத்துப் பக்கமிருந்து டோலிதான். எங்க வேலையில் இதற்கு ‘பேக்லாக்’ என்று பேர். கோடைக்கும் அப்பால் இருக்கிற மன்னவனூர், பூண்டி, கிளாவரை எல்லாம் அந்தப் பட்டியலிலேயே ஏறவில்லை.