முகாம் வீட்டுத் தேத்தண்ணி

மண்டபம் முகாமின் கதை 1983-இல் தொடங்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஊர்த் தொழிலாளிகளைத் தங்கவைத்து, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்து, கடல் கடக்க அனுப்பிய இடம் அது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் அவர்கள் வழிவந்தவர்கள் பலர் அதே வாசல் வழியாகத் திரும்பினார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகள்.

ஒப்பந்தங்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையைக் குடித்தனமாக்கிய பெண்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படவில்லை. வருவாய்த்துறையில் இருந்தபோது, தொண்ணூறுகளில், தணிக்கைக்குப் போகும் அதிகாரியோடு சில முகாம்களுக்குப் போயிருக்கிறேன். பெயரைக் கூப்பிட்டதும் குடும்பம் முழுக்க வந்து நிற்க வேண்டும். பதிவேட்டில் டிக் விழும்.

உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு பழைய சேலைதான் சுவர். அந்தப் பக்கம் படுக்கை, இந்தப் பக்கம் அடுப்பு. கிலோ 57 பைசா ரேஷன் அரிசியை ஊறவைத்து, இடித்து, வறுத்து, பிட்டு அவிப்பார்கள். நம் ஊர்க் குழாய் அல்ல; பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டி. ராமநாதபுரத்தில் பனைக்கா பஞ்சம்! தேங்காய் துருவ ‘திருவலை’, கறுக்க வறுத்து இடித்த கறித்தூள், வாசலில் ஓட்டை வாளியில் ஒரு ரம்பைச் செடி. வேலி ஓரத்தில் முருங்கை. எப்போது ஊர் திரும்புவோம் என்று தெரியாதவர்கள் முருங்கை நட்டதுதான் எனக்கு அப்போதும் ஆச்சரியம்.

கணக்கு முடிந்து கிளம்பும்போது ஓர் அம்மா, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ சேர்” என்றார். எங்கள் அதிகாரி, எதையும் வாங்கக்கூடாது என்ற கொள்கைக்காரர், வேண்டாமென்றார்.

“வீட்டுக்கு வந்த ஆக்கள் ஒண்டும் குடிக்காமல் போறது சரியில்லை, சேர்.”

‘வீடு’ என்ற சொல்லில் அவர் நின்றுவிட்டார். பாயை விரித்தார்கள், உட்கார்ந்தோம். பால் இல்லாத தேநீர், கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டு. இரண்டே டம்ளர்கள்தான் இருந்தன. மூன்றாவது பக்கத்து அறையிலிருந்து வந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் எங்கள் பதிவேட்டில் ஒரு வரிசை எண்ணாக நின்றவர், இப்போது “இன்னும் கொஞ்சம்” என்று எங்களை வற்புறுத்திக்கொண்டிருந்தார்.

2021-இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. 7,469 புது வீடுகள் அறிவிக்கப்பட்டன. வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை.