சாயத்தைப் பிடிக்கும் கரி - ஒரு சிறு வரலாறு

கரியைத் தொட்டால் கை கறுத்துவிடும். அதே கரி நிறமேறிய நீரைத் தெளிய வைக்கும் என்றால் ஆச்சரியம்தானே? இதை முதலில் முறையாகச் சோதித்துச் சொன்னவர் தோபியாஸ் லோவிட்ஸ் என்ற மருந்து தயாரிப்பாளர். ஆண்டு 1785, இடம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். டார்டாரிக் அமிலக் கரைசலைக் காய்ச்சிப் படிகமாக்கும்போது அது பழுப்பேறிப் போவது அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கரித்தூளைச் சேர்த்ததும் பழுப்பு போய்விட்டது. பிறகு வேறு பல திரவங்களிலும் சோதித்தார். நாற்றமடிக்கும் குடிநீரையும் கரியால் சரிசெய்யலாம் என்று கண்டார்.

இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் சர்க்கரை ஆலைக்காரர்கள். மரக்கரியைவிட எலும்புக்கரி நிறத்தை நன்றாக நீக்கும் என்று 1811-இல் பிரான்சின் ஃபிகியே காட்டினார். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வெள்ளைச் சர்க்கரை பெரும்பாலும் எலும்புக்கரி வழியாக வந்ததுதான். (சைவம் சாப்பிடுபவர்கள் முகம் சுளிக்கலாம்!)

பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல் கரி நிறத்தைக் குடிப்பதில்லை. நிறத்தின் மூலக்கூறுகள் கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குத்தான் பரப்புக்கவர்தல் என்று பெயர். ஜெர்மனியின் கைசர் 1881-இல் இதற்குத் தனிச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிளர்வூட்டிய கரி ஒரு கிராம் எடுத்தால், அதன் நுண்துளைகளின் பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல் இருக்கும். அந்தப் பரப்பில் மூலக்கூறுகள் ஒரே அடுக்காக அமர்வதாகக் கொண்டு லாங்மியூர் 1916-18இல் எழுதிய சமன்பாட்டை இன்றும் மாணவர்கள் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதற்கிடையில், 1856-இல் லண்டனில் பதினெட்டு வயது பெர்கின் கொய்னா மருந்து செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். செயற்கைச் சாயத் தொழில் பிறந்தது, சாயக்கழிவும் பெருகியது.

நம் கல்லூரி ஆய்வகங்களில் புளியங்கொட்டை, தேங்காய் ஓடு, மரத்தூள், வேப்பிலை என்று எதையாவது கரியாக்கி மெத்திலீன் நீலத்தை நீக்கிக் காட்டுவது வழக்கம். எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. மெத்திலீன் நீலம் நேர்மின்சுமை கொண்டது, தாவரப் பொருள்களின் பரப்பில் எளிதாக ஒட்டும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களோ எதிர்மின்சுமை கொண்டவை. வாலைவடிநீரில் ஒரே சாயத்தைக் கரைத்துச் செய்த சோதனையை வைத்துக்கொண்டு சாயப்பட்டறைத் தண்ணீரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அந்தத் தண்ணீரில் இன்னொன்றும் இருக்கிறது, உப்பு. ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற உப்பு நிறைய வேண்டும். திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொடக்கத்தில் சுண்ணாம்பு, பெரஸ் சல்பேட் போட்டு நிறத்தைக் குறைத்தன. உப்பு அப்படியே நொய்யலுக்குப் போனது. கரி போட்டிருந்தாலும் அதேதான், கரைந்த உப்பைக் கரி பிடிக்காது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானது. கீழே இருந்த விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதன் பிறகு வேலை எதிர்ச்சவ்வூடு பரவல் சவ்வுகளுக்கும் ஆவியாக்கிகளுக்கும் போனது. பிரித்தெடுத்த நீரும், உப்பில் ஒரு பகுதியும் மறுபடி சாயத் தொட்டிக்கே போகின்றன.