யூகத்தின் அடியில் ஒப்பந்தத் தேதிகள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கூட்டமைப்பு மாற்றங்கள்

2021 ஜூலை 21 அன்று ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. டெக்சஸ், ஓக்லஹோமா ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் தாம் இருந்த பிக் 12 கூட்டமைப்பை விட்டு, தென்கிழக்கு மாநிலங்களின் கூட்டமைப்பான எஸ்.இ.சி.யில் சேரப் பேசிவருகின்றன என்றது அந்தச் செய்தி. அன்றைக்கு அது வதந்தி. 26ஆம் தேதி, நடப்பு ஒளிபரப்பு ஒப்பந்தம் முடிந்தபின் தங்கள் உரிமைகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று இரு பல்கலைக்கழகங்களும் பிக் 12க்கு எழுதிக் கொடுத்தன. 29ஆம் தேதி எஸ்.இ.சி.யின் 14 உறுப்பினர்களும் ஒருமனதாக வரவேற்றனர். 30ஆம் தேதி இரு பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களும் அழைப்பை ஏற்றன. செய்தி வந்த ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகங்கள். அவற்றின் முடிவால் ஓக்லஹோமா ஸ்டேட், டெக்சஸ் டெக் போன்ற அதே மாநிலங்களின் பிற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வருமானம் குறையலாம் என்ற நிலை எழுந்தது. டெக்சஸ் மாநில செனட் குழு ஆகஸ்ட் 2 அன்று விசாரணை நடத்தியது. விசாரிக்க அப்போது எதுவும் மிச்சமில்லை.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைச் சுற்றி ஆண்டு முழுவதும் நடக்கும் யூகங்களை, எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கூட்டமைப்புக்குத் தாவும் என்ற ஓயாத பேச்சை, ரசிகர்களின் பொழுதுபோக்காகவே பலரும் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பொதுச் சொத்தான நிறுவனங்கள் தம் பெரிய முடிவுகளைப் பூட்டிய அறைக்குள் எடுக்கும்போது, வெளியே நிற்பவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஆய்வுமுறை யூகம்தான். ஒப்பந்தத் தேதிகளை வைத்து யூகித்தவர்கள் பெரும்பாலும் சரியாகவே கணித்திருக்கிறார்கள். வரைபடத்தையும் மரபையும் நம்பியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். அந்தத் தேதிகளுக்கு முன்பே பொது விசாரணை நடக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஆடும் இந்த விளையாட்டில் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. இன்று கூட்டமைப்பின் முதல் வேலை, உறுப்பினர்களின் ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்கு மொத்தமாக விற்றுப் பணத்தைப் பங்கிடுவது. தொடக்கத்தில் அப்படி இல்லை. 1896இல் சிகாகோவில் உருவான பிக் டென்னின் அன்றைய முறையான பெயரே ஆசிரியப் பிரதிநிதிகளின் கூட்டமைப்பு என்ற பொருள் தருவது. மாணவர் விளையாட்டைக் கட்டுக்குள் வைக்கப் பேராசிரியர்கள் அமைத்த குழு அது. 1915இல் போர்ட்லாந்தில் நான்கு பல்கலைக்கழகங்கள் கூடிப் பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பைத் தொடங்கின. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன் ஆகியவற்றோடு, இன்று ஓரிகன் ஸ்டேட் எனப்படும் அன்றைய வேளாண் கல்லூரியும் அதில் இருந்தது. இந்தக் கடைசிப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொலைக்காட்சி வந்தபின் ஒளிபரப்பு முழுவதையும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்திருந்தது. ஓர் அணி இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் திரையில் வரக்கூடாது என்பது அதன் விதி. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குத் தொடுத்தன. 1984இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் என்.சி.ஏ.ஏ.யின் திட்டம் வர்த்தகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட். அவரே கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்தவர். இதை வெறும் வணிகமாக அளந்தால் கல்வியோடு அதற்கிருக்கும் பிணைப்பு கணக்கில் வராமல் போகும் என்பது அவர் கவலை. சட்டத்தின்படி பெரும்பான்மைத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளில் என்ன நடக்கும் என்பதை வைட்தான் கண்டார்.

தீர்ப்புக்குப் பிறகு விற்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றின் கூட்டமைப்புகளுக்கும் வந்தது. 1991 முதல் நோட்டர் டேம் தன் உள்ளூர் ஆட்டங்களைத் தனியாக என்.பி.சி.க்கு விற்றது. ஆர்க்கன்சாவும் தென் கரோலினாவும் வந்து சேர, பன்னிரண்டு உறுப்பினர்களான எஸ்.இ.சி. 1992இல் தனக்கென ஓர் இறுதிப் போட்டியை நடத்தி அதையும் விற்றது. ஆர்க்கன்சாவை இழந்த தென்மேற்குக் கூட்டமைப்பு 1996இல் கலைந்தது.

இனி யூகத்தின் இலக்கணத்துக்கு வருவோம். கேபிள் காலத்தில் கணக்கு எளிது. 2007இல் பிக் டென் சொந்த அலைவரிசை தொடங்கியது. தன் மாநிலங்களுக்குள் அந்த அலைவரிசைக்கு வீடு ஒன்றுக்குக் கிடைக்கும் மாதக் கட்டணம், வெளி மாநிலங்களில் கிடைப்பதைவிடப் பல மடங்கு. அப்படியானால் அணி வலுவானதா என்பது இரண்டாம் கேள்வி. அந்த ஊரில் எத்தனை கேபிள் இணைப்புகள் என்பதே முதல் கேள்வி. நியூயார்க்கின் அருகிலுள்ள ரட்கர்ஸும், வாஷிங்டன் நகரை ஒட்டிய மேரிலாண்டும் 2014இல் பிக் டென்னுக்குள் வந்தது இந்தக் கணக்கால்தான். ரட்கர்ஸ் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து யாரும் அதை அழைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு வீடுகள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கின. ஊரின் மக்கள்தொகை பின்னுக்குப் போய், ஆட்டத்தை உண்மையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது முன்னே வந்தது. 2023இல் பிக் டென் ஓரிகனை எடுத்துக்கொண்டது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் பெரும் சந்தையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டையும் கலிஃபோர்னியாவையும் விட்டுவிட்டது. இரண்டும் கல்வித் தரத்தில் உலகின் முதல் வரிசையில் நிற்பவை. படிப்பின் தரமே பிக் டென்னின் வாசல் என்று பல ஆண்டுகளாக எழுதப்பட்ட யூகங்கள் அந்த ஒரு வாரத்தில் பொய்த்தன. கடைசியில் அவ்விரண்டும் டல்லஸிலுள்ள எஸ்.எம்.யு.வும் அட்லாண்டிக் கடற்கரையின் ஏ.சி.சி.யில் சேர்ந்தன. மேற்கத்திய இரண்டும் தொடக்க ஆண்டுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பணத்துக்கு ஒப்புக்கொண்டன. எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்றது.

நடக்காமல் போன இடமாற்றங்களைப் பொய் வதந்திகள் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2010இல் டெக்சஸும் வேறு சிலவும் மேற்கே போய்ப் பதினாறு உறுப்பினர் கொண்ட கூட்டமைப்பு உருவாகும் என்று நாடே பேசியது. டெக்சஸ் போகவில்லை. ஆனால் போகக்கூடும் என்ற பேச்சு அதன் பேரத்துக்குப் பலம் சேர்த்தது. அடுத்த ஆண்டே ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தோடு 20 ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் மதிப்பில் டெக்சஸுக்கென்றே ஓர் அலைவரிசை வந்தது. அதைப் பொறுக்காத டெக்சஸ் ஏ அண்ட் எம் எஸ்.இ.சி.க்குப் புறப்பட்டது. 1894இல் தொடங்கிய இரண்டின் போட்டி 2011க்குப் பிறகு நின்று, 2024 நவம்பரில்தான் மீண்டும் நடந்தது. இடையில் அந்த ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காமலே படித்து முடித்துப் போன மாணவர் தலைமுறைகள் உண்டு. நிறைவேறாத ஒரு யூகத்துக்கு இவ்வளவு விளைவு.

தேதிகளைப் பற்றிச் சொன்னேன். தாவலைத் தடுக்கக் கூட்டமைப்புகள் கண்ட வழி, உறுப்பினர் தன் சொந்த மைதானத்து ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கூட்டமைப்புக்கே எழுதிக் கொடுப்பது. ஒத்திக்கு விட்ட நிலத்தைப் போலத்தான்: உரியவர் ஊரைவிட்டே போனாலும், கெடு முடியும்வரை விளைச்சல் ஒத்தி வாங்கியவருக்கு. ஏ.சி.சி. 2013இல் இப்படி எழுதி வாங்கி, 2016இல் அதை 2036 வரை நீட்டியது. புளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் வழக்காடியது அந்தக் கெடுவை உடைக்கத்தான். 2025 மார்ச் சமரசத்தில் இரண்டு நடந்தன. பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் பங்கிடும் முறை வந்தது. விலகல் கட்டணம் ஆண்டுதோறும் குறைந்து 2030-31இல் ஏழரைக் கோடி டாலராகும் என்றும், அதைக் கட்டினால் உரிமையையும் கையோடு கொண்டுபோகலாம் என்றும் முடிவானது.

பிக் டென்னின் ஒளிபரப்பு ஒப்பந்தம் 2029-30இல் முடிகிறது. பிக் 12இன் ஒப்பந்தம் 2030-31இல். பன்னிரண்டு அணிகளின் தேசியக் கோப்பைச் சுற்றுக்கான ஒப்பந்தம் 2031-32இல். இந்தக் கதவுகளெல்லாம் மூன்று பருவங்களுக்குள் திறக்கின்றன. அடுத்த பெரும் பெயர்ச்சி அப்போதுதான் என்று சொல்ல உள்வட்டச் செய்தியாளர் யாரும் தேவையில்லை.

ஒப்பந்தம் இல்லாத கூட்டமைப்புக்கு என்ன ஆகும் என்பதற்குப் பேக்-12 சாட்சி. போர்ட்லாந்தில் பிறந்த அந்தக் கூட்டமைப்பின் வாரிசுதான் அது. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் யு.சி.எல்.ஏ.வும் விலகுவதாக 2022 ஜூன் 30 அன்று அறிவித்தன. மிச்சமிருந்தவர்களுக்கான ஒளிபரப்பு ஒப்பந்தம் 2024இல் முடியவிருந்தது. ஓராண்டு கடந்தும் புதியது கைகூடவில்லை. 2023 ஜூலை கடைசியில் கொலராடோ போனது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் சந்தா அடிப்படையிலான ஒரு திட்டம் உறுப்பினர்முன் வைக்கப்பட்டது. 4ஆம் தேதி காலை எஞ்சிய ஒன்பது பல்கலைக்கழகத் தலைவர்களும் உரிமை ஒப்படைப்பில் கையெழுத்திடுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு கூட்டம் கூடியது. அன்றைக்கே வாஷிங்டனும் ஓரிகனும் பிக் டென்னுக்குப் போயின. இருட்டுவதற்குள் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12ஐத் தேர்ந்தன. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அடுத்த மாதம் கிழக்கே திரும்ப, மிஞ்சியவை வாஷிங்டன் ஸ்டேட், ஓரிகன் ஸ்டேட் இரண்டு மட்டுமே. 1915இன் நான்கு நிறுவனர்களில் கடைசிவரை இருந்தது அந்தப் பழைய வேளாண் கல்லூரி.

இவ்விரண்டுக்கும் இது முதல்முறையன்று. 1959இல் பழைய கூட்டமைப்பு கலைந்தபோதும் இவை வெளியே நின்றன. வாஷிங்டன் ஸ்டேட் 1962இலும் ஓரிகன் ஸ்டேட் 1964இலும்தான் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. இம்முறை அவை நீதிமன்றம் போய்க் கூட்டமைப்பின் நிர்வாகத்தையும் சொத்தையும் காத்துக்கொண்டன. புதிய உறுப்பினர்களோடு 2026இல் அதை மறுபடி கட்டும் ஏற்பாட்டையும் செய்தன. எனக்கு அவற்றின் மீது பெரும் மதிப்பு உண்டு. ஆனால் ஒரு மாநிலத்தின் இரு அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றின் முடிவு மற்றதை இந்த நிலைக்குத் தள்ளுமுன், அந்த மாநிலத்து மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது.

கேட்டால் என்ன மாறிவிடும் என்பார்கள். மாறியிருக்கிறது. 2003இல் ஏ.சி.சி. விரிவாக்கத்துக்கு அன்றைய ஒன்பது உறுப்பினர்களில் ஏழு பேரின் வாக்கு தேவைப்பட்டது. வர்ஜீனியா ஆளுநர் மார்க் வார்னர் தலையிட்டார். வர்ஜீனியா டெக் இல்லாத விரிவாக்கத்துக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் வாக்களிக்கவில்லை. முதலில் பட்டியலிலேயே இல்லாத வர்ஜீனியா டெக் சேர்க்கப்பட்டது. 2022இல் யு.சி.எல்.ஏ.வின் விலகலைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழு மாதக்கணக்கில் ஆராய்ந்தது. தடுக்கவில்லை. ஆனால் மாணவ வீரர்களின் உணவு, படிப்பு உதவி, பயணம் ஆகியவற்றுக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பின்னர், அதே ஆட்சிக்குழுவின்கீழுள்ள, மேலே கலிஃபோர்னியா என்று குறித்த பெர்க்லி வளாகத்துக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் யு.சி.எல்.ஏ. தரவேண்டும் என்றும் தீர்மானித்தது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூ ஜெர்சிக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து ஆடவிருக்கும் சாஃப்ட்பால், வாலிபால் வீராங்கனைகளைப் பற்றி அதிகாரபூர்வமான ஓர் அவையில் பேச்சு எழுந்தது அங்கேதான். கால்பந்து அணி வெளியூருக்குப் பருவத்தில் சில முறைதான் போகும். அவர்களோ வாரத்தின் நடுவிலும் போகிறவர்கள்.

இதற்கு எதிரான வலுவான வாதம் 1994. தென்மேற்குக் கூட்டமைப்பு உடைந்தபோது டெக்சஸ், ஏ அண்ட் எம்மோடு பேய்லரும் டெக்சஸ் டெக்கும் பிக் 12இல் இடம் பெற்றன. துணை ஆளுநர் பாப் புல்லக் அவ்விரண்டிலும் படித்தவர். ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் பேய்லரில் படித்தவர். ரைஸ், எஸ்.எம்.யு., டி.சி.யு., ஹூஸ்டன் நான்கும் விடப்பட்டன. அரசியல் நுழைந்தால் செல்வாக்குள்ளவர்தானே பிழைப்பார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் 1994இல் நடந்தது விசாரணை அல்ல. அதுவும் பூட்டிய அறைக்குள் நடந்த பேரம்தான். அறைக்குள் சட்டமன்றக்காரர்களும் இருந்தார்கள், அவ்வளவே. கலிஃபோர்னியாவில் ஆவணங்கள் பொதுவெளிக்கு வந்தன, உறுப்பினர்கள் வாக்கைப் பெயர் சொல்லிப் பதிந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்க முடியாது. பேரத்துக்கு ரகசியம் தேவை என்ற வாதமும் முழுமையாக நிற்பதில்லை. விலையைத்தான் ரகசியமாக வைக்கவேண்டும். போவதால் யாருக்கு என்ன இழப்பு, பயணச் செலவு எவ்வளவு, அதை யார் ஏற்பார்கள் என்பவற்றை ஒப்பந்தக் கெடுவுக்கு ஓராண்டு முன்பே வெளிப்படையாகக் கணக்கிட எந்தத் தடையும் இல்லை.

ஏ.சி.சி.யின் கட்டணம் குறைந்து வரும் இந்த ஆண்டுகளில் யூகங்கள் பெரிதும் சுற்றுவது வட கரோலினாவையும் வர்ஜீனியாவையும்தான். வட கரோலினாவின் அரசுப் பல்கலைக்கழக அமைப்பு 2024 தொடக்கத்திலேயே ஒரு விதி கொண்டுவந்தது. அதன்கீழுள்ள பல்கலைக்கழகம் கூட்டமைப்பு மாற விரும்பினால், நிதித் திட்டத்தோடு அமைப்பின் தலைவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெறவேண்டும். ஆட்சிக்குழு அதை மறுக்கவும் செய்யலாம். சேப்பல் ஹில்லிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகமும் வட கரோலினா ஸ்டேட்டும் ஒரே ஆட்சிக்குழுவின்கீழ் இருப்பதால் ஒன்றின் தாவலில் மற்றதன் இழப்பும் அதே மேசைக்கு வந்தாக வேண்டும். அந்த நிதித் திட்டத்தை வாக்கெடுப்புக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்ற ஒரு வரியையும் விதியில் சேர்க்க 2030 வரை அவகாசம் இருக்கிறது.