ஒலிநாடாவும் இரைச்சலும்: ஒலித்தரத்தின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

ஒலிப்பதிவின் வரலாறு பெரும்பாலும் தனிமனித மேதைமையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒலித்தரமும் செவிநுகர்வு சார்ந்த ஒன்றாக மட்டுமே கொள்ளப்படுகின்றது. ஆயின், நாடாவின் இரைச்சலும் அதனைக் குறைத்த முறைகளும் எவ்வெப் பொருளாதார நிலைமைகளில் தோன்றின என நோக்குமிடத்து, வேறொரு சித்திரம் புலனாகின்றது.

1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் 'மக்னற்றோபோன்' என்னும் நாடாப்பதிவுக் கருவியை அறிமுகஞ் செய்தது. இரைச்சல் மிகுந்திருந்தமையால், இசைத்தட்டை விஞ்சும் தரம் அதற்கு வாய்க்கவில்லை. 1940இல் ஜேர்மன் வானொலியில் பணியாற்றிய வால்ரர் வெபர், பெருக்கியொன்றில் தற்செயலாக எழுந்த உயர் அதிர்வெண் அலைவு இரைச்சலைப் பெரிதும் அடக்குவதைக் கண்டறிந்தார். கண்டுபிடிப்புத் தற்செயலானதே. ஆனால் அதனை உடனடியாகப் பயன்கொண்டது, வானொலியைத் தனது பிரசாரக் கருவியாக்கியிருந்த நாஜி அரசு. வினாடிக்கு 77 சென்ரிமீற்றர் வேகத்தில் நாடாவை ஓட்டும் செலவையும் அவ்வரசு தாங்கவல்லதாயிருந்தது. 1945இல் அமெரிக்கப் படையினரான ஜோன் மலின் இக்கருவிகள் இரண்டைத் தாயகம் அனுப்பினார். 1948இல் அம்பெக்ஸ் நிறுவனத்தின் முதற் கருவி விற்பனைக்கு வந்தது. போரிற் கைக்கொண்ட பொருள் இவ்வாறு வணிகப் பண்டமாயிற்று.

இங்கு அளவுக்கும் பண்புக்கும் உள்ள உறவு கருதத்தக்கது. பதிவுத்தடத்தின் அகலம் இருமடங்காயின், இரைச்சலினின்றும் ஒலி ஏறத்தாழ 3 டெசிபெல் மேலெழும். மறுதலையாக, ஒத்த இரைச்சலுடைய 16 தடங்களை ஒன்றுகலப்பின் இரைச்சல் 12 டெசிபெல் உயரும். எனவே நாடாவைத் தாராளமாகச் செலவிட இயன்றோர்க்கே தெளிந்த ஒலி கிட்டிற்று. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கசற் நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றரே ஓடியது. அது பழைய வேகத்தின் பதினாறில் ஒரு பங்காகும். சாதாரண மக்களுக்கு ஒலிப்பதிவு எட்டியபொழுது இரைச்சலும் உடன்வந்தது.

இம்முரண்பாட்டின் விளைவே இரைச்சற் குறைப்பு முறையாகும். 1965இல் இலண்டனில் தமது நிறுவனத்தைத் தொடங்கிய றே டொல்பி, மெல்லொலிகளைப் பதியும்போது உயர்த்தி, ஒலிக்கும்போது அதேயளவு தாழ்த்தினார். வல்லொலி இரைச்சலைத் தானே மறைத்துவிடுமாதலின் அது தீண்டப்படவில்லை. ஒலிப்பதிவுக்கூடங்களுக்கான 'ஏ' முறை ஒலியை நான்கு பட்டைகளாகப் பிரித்து 10 டெசிபெல் அளவும், மிகவுயர்ந்த ஒலிகளில் 15 வரையும் இரைச்சலைக் குறைத்தது. 1968இல் வந்த எளிய 'பி' முறை முதலிற் சுருள்நாடாக் கருவியிலும், பின்னர் உரிமக் கட்டணத்தோடு கசற் கருவிகளிலும் இடம்பெற்றது. மலிந்த நாடா இழந்த தரம், இவ்வாறு இன்னொரு பண்டமாக மீள விற்கப்பட்டது.

இதன் விளைவு ஆவணக்காப்போரை நேரடியாகப் பாதிப்பதாகும். இம்முறையிற் பதியப்பட்ட நாடா தன்னளவில் முழுமையற்றது. பொருத்தமான மீட்புக்கருவியும் சரியான ஒலிமட்டமும் இன்றேல், அதில் உயரொலிகள் மிகைப்பட்டும் இரைச்சல் குறையாதும் கேட்கும். எந்நாடா எம்முறையிற் பதியப்பெற்றது என்னும் குறிப்பு உறையில் இல்லாதபோது, பிற்கால ஆய்வாளன் திரிபுற்ற குரலையே மூலக்குரலெனக் கொள்ள நேரும். ஆதலின் குரலைப் பேணுவோர் அது உற்பத்தியான முறையையும் சேர்த்தே பேணுதல் வேண்டும்.