பாசன ஒப்படைப்பு: 'விவசாயி' எனும் சொல்லுக்குள் யார்?

பாசன வாய்க்கால்களின் பராமரிப்பு, நீர்ப் பங்கீடு, கட்டண வசூல் ஆகியவற்றை அரசுத் துறையிடமிருந்து விவசாயிகளின் சங்கங்களுக்கு மாற்றுவதே பாசன மேலாண்மை ஒப்படைப்பு எனப்படுகிறது. பிலிப்பைன்சில் 1970-களில் தொடங்கிய இப்போக்கு, உலக வங்கியின் ஊக்குவிப்பால் 1990-களில் பல நாடுகளுக்குப் பரவியது. மெக்சிகோ 30 லட்சம் எக்டேருக்கும் மேற்பட்ட பாசனப் பரப்பைச் சங்கங்களிடம் அளித்தது. ஆந்திரப் பிரதேசம் 1997-இல் சட்டமியற்றி, 10,000-க்கும் மேற்பட்ட நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை ஒரே வீச்சில் அமைத்தது. தமிழ்நாட்டின் விவசாயிகள் பாசன அமைப்பு முறைகள் மேலாண்மைச் சட்டம் 2000-ஆம் ஆண்டுக்குரியது.

ஒப்படைப்புக்குப் பின் பாசனம் மேம்பட்டதா? ஆய்வுகள் தரும் விடை கலவையானது. கட்டண வசூல் பல இடங்களில் உயர்ந்தது. மெக்சிகோ இதற்கு முதன்மைச் சான்று. அரசின் செலவுச் சுமை குறைந்தது. விளைச்சல் ஒப்படைப்பினாலேயே பெருகியது என்பதற்கோ உறுதியான சான்று குறைவு. நம் ஐயம் வேறு. வசூல், செலவு, விளைச்சல் ஆகிய மூன்றும் சங்கத்துக்குள் இருப்போரின் கணக்குகள். வெளியே நிறுத்தப்பட்டோருக்கு என்ன நேர்ந்தது என்பதை அவை அளப்பதில்லை.

ஆந்திரச் சட்டப்படி, உரிமையாளராகவோ குத்தகைதாரராகவோ வருவாய் ஆவணத்தில் பதிவு பெற்றவரே வாக்குரிமையுள்ள உறுப்பினர். தமிழ்நாட்டுச் சட்டமும் அதை அடியொற்றியதே. தாளில் இது நியாயமாகத் தோன்றும். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினரிடம் நாட்டின் சாகுபடி நிலத்தில் சுமார் 9 விழுக்காடே உள்ளது. தலித் உழவர் பலர் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுகின்றனர். குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற அச்சத்தை அச்சட்டம் நீக்கவில்லை. விதைப்பும் அறுப்பும் கடனும் குத்தகைதாரருடையவை. மடை திறக்கும் நாளை முடிவு செய்யும் வாக்கு நிலவுடைமையாளருடையது.

நீரை உண்மையில் ஆண்டவர் யார் என்பதையும் நினைவில் கொள்வோம். ஏரிப் பாசனத்தில் மடை திறந்து, வயல்தோறும் நீர் பாய்ச்சி, இரவில் கரை காத்த நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித் மக்களே. அவர்களுக்குக் கிடைத்தது அறுவடைக் களத்தில் அளந்த நெல். நீரின் அளவும் ஓட்டமும் அவர்கள் அறிவில் இருந்தன. முடிவெடுக்கும் அதிகாரம் இருந்ததில்லை. மராமத்து வேலையும் அவ்வாறே. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், பாசனப் பணிகளில் வழக்கமான உழைப்பைத் தர மறுப்போரைத் தண்டிக்க வழிசெய்தது. குடிமராமத்தைப் பொற்காலக் கூட்டுறவு என்று போற்றுவோர் இச்சட்டத்தைப் படிப்பது நல்லது.

எனினும் ஒப்படைப்பே தீங்கு என்று நாம் கூறவில்லை. துறைப் பொறியாளரின் கையில் பாசனம் இருந்த காலத்திலும் கடைமடை காய்ந்தே கிடந்தது. இலங்கையின் கல்லோயா இடதுகரையில் 1981-இல் நீர்த்தேக்கம் கால்வாசியே நிரம்பியிருந்தது. அமைப்பாளர்களாகச் சென்ற இளம் பட்டதாரிகள் வாய்க்கால்தோறும் சிறு குழுக்களைத் திரட்டினர். தலைமடைச் சிங்கள உழவர்கள் நீரைச் சிக்கனம் செய்து, தமிழர் உள்ளிட்ட கடைமடையினருக்கு விட்டனர். அங்கே சட்டம் முதலில் வரவில்லை. சங்கம் கீழிருந்து எழுந்தது.

மகாராட்டிரத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பாணி பஞ்சாயத்து இன்னும் அடிப்படையான ஒன்றைச் செய்தது. அந்த ஏற்றுப்பாசனத் திட்டங்களில் நீர்ப் பங்கு நிலத்தைப் பொறுத்ததன்று. குடும்பத்து ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தலைக்கு அரை ஏக்கருக்கான நீர், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கு. கரும்புக்கு இடமில்லை. நிலமற்றோருக்கும் பங்கு உண்டு. நிலமும் நீரும் பிரிக்கவொண்ணாதவை என்ற வாதம் அங்கே நடைமுறையில் தகர்ந்தது.

நம் ஊர்ச் சங்கங்களை ஆராய விரும்பும் மாணவர்கள் உறுப்பினர் பட்டியலிலிருந்தே தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கோரலாம். பின்னர் கடைமடைக்குச் சென்று, உண்மையில் அங்கே பயிரிடுவோரின் பெயர்களை எழுதி, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.