மத்தள ஓடுபாதையும் ஊவா மக்களும்

அரசாங்கப் பணத்தில் ஒரு பாதை அமையும்போது, அது எவர் பொருட்டு அமைகிறது என்று கேட்பது சரித்திர மாணவனின் கடமை. ஊவாவில் வாழும் நமக்கு இக்கேள்வி புதியதன்று. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் அப்புத்தளைக்கும், மறுவருடம் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளையை அடைய 1924 வரை சென்றது. கோப்பியையும், பின்னர் தேயிலையையும் துறைமுகம் சேர்ப்பதே அதன் முதல் நோக்கம். அக்கோப்பியைப் பயிரிட வந்த நம் முன்னோரோ மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள்; காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டவர் அனேகர். ஆயினும் துரைமாருக்கென்று போடப்பட்ட அத்தண்டவாளத்தில் ஏற்றுவதற்குச் சரக்காவது இருந்தது.

வெலிமடையிலிருந்து எல்ல, வெல்லவாய, தனமல்வில வழியாகத் தெற்கே இறங்கினால், ஊவாவின் எல்லைக்கு அப்பால் சிறிது தூரத்தில் மத்தள. அங்கே 2013 மார்ச் 18இல் இலங்கையின் இரண்டாவது சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 21 கோடி டொலர். அதில் 19 கோடி சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். கட்டியதும் சீனக் கம்பனியே. 3500 மீற்றர் நீள ஓடுபாதை. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பிரயாணிகளுக்கு இடவசதி.

கட்டுநாயக்கவுக்கு மாற்றாக ஒரு நிலையம் வேண்டும், பின்தங்கிய தெற்கு முன்னேற வேண்டும் என்று காரணங் கூறினர். இவை முற்றிலும் பொய்யல்ல. ஆனால் அம்பாந்தோட்டை அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம். அங்கு எழுந்த துறைமுகம், சூரியவெவ கிரிக்கெட் மைதானம், இவ்விமான நிலையம் மூன்றும் ராஜபக்ச என்ற பெயரையே தாங்கின. 2018ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டு விழாவை அங்கு நடத்தவும் முயன்றார்கள்; 2011 நவம்பரில் அவ்வாய்ப்பு அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகருக்குப் போயிற்று.

கடன் பெற்றுக் கட்டும் ஆட்சியாளனுக்கு ஒரு வசதி உண்டு. அடிக்கல்லும் திறப்புவிழாவும் அவன் காலத்திலேயே நிகழ்ந்துவிடும். தவணைகள் பின்வருவோர் தலையில் விழும். தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியரை நியமிப்பதில் இத்தகைய விழா ஏது?

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அரசாங்க விமான நிறுவனம் அம்மாதமே மத்தளச் சேவையை நிறுத்தியது. சரக்குக் கட்டிடத்தில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. (அப்பகுதி விவசாயி கண்ட பயன் இது ஒன்றுதான் போலும்!) சுற்றிலும் யானைக்காடு; வனவிலங்குகளை விரட்ட 2016இல் நூற்றுக்கணக்கான படையினரையும் பொலிசாரையும் அனுப்ப வேண்டியதாயிற்று. 2018இல் பிளைதுபாய் நிறுவனமும் வெளியேறியது. இது நம் நாட்டு வினோதம் மட்டுமன்று. ஸ்பெயினின் காஸ்தெயோன் விமான நிலையத்தை 2011இல் திறந்தார்கள். முதல் வர்த்தக விமானம் வந்திறங்கியது 2015இல்.

ஆகவே சிறு விமான நிலையம் யாவும் வீண் என்று எண்ணிவிடலாகாது. சென்னை செல்ல வேண்டிய யாழ்ப்பாணத்தவர் நெடுந்தூரம் கட்டுநாயக்கவுக்கு வந்து விமானம் ஏறிய நிலைக்குப் பலாலி ஒரு பரிகாரம். அங்கும் திறப்புவிழா நடந்தது 2019 ஒக்டோபர் 17இல். ஜனாதிபதித் தேர்தலோ நவம்பர் 16இல். பாதுகாப்பு வலயத்துக்கெனப் பறிபோன காணிகளுக்காக அயற்கிராமத்து மக்கள் பல்லாண்டு காத்திருந்ததை எந்த விழா மேடை நினைத்தது?

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியது. மத்தள ஒன்றே அதற்குக் காரணமன்று. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த செலவுகள் பல. அவ்வாண்டுத் தொடக்கத்தில் 8 வீதமாயிருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த லயத்துப் பெண்ணும், கடையில் வாங்கிய சவர்க்காரத்தோடு அவ்வரியைச் செலுத்தினாள். மூன்று மாதங்கள் கழித்து, ஏப்ரலில், மத்தளவின் நிர்வாகத்தை இந்திய, ரஷ்யக் கம்பனிகளிடம் 30 ஆண்டுகளுக்கு ஒப்படைக்க அமைச்சரவை தீர்மானித்தது.